கூட்டாளிக்கு ஓர் இடம்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் ஆசிரியர் எழுந்து நின்று கல்வியின் சிறப்பு, காலத்தின் அருமை, ஒழுக்கத்தின் உயர்வு என்று பேசுவது வழக்கம். போன ஆண்டு நானும் அப்படித்தான் பேசினேன். பின் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் நன்றாகத் தூங்கினார். அவரைக் குறை சொல்லவில்லை. விடிய எழுந்து வேலைக்குப் போனவர் தூங்காமல் என்ன செய்வார்? ஆகவே இந்த ஆண்டு யாரும் தூங்க முடியாத ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டிருக்கிறேன். பேயைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இது சிரிப்பதற்காக மட்டும் சொல்லும் கதையன்று. நம் பள்ளியில், நம் கண் முன்னே நடந்தது. சம்பந்தப்பட்ட பையனிடமும் இரண்டு வீட்டாரிடமும் கேட்டுக் கொண்டுதான் பேசுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

ஆறாம் ஆண்டில் இரண்டு பையன்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. ஒரே சைக்கிளில் வருவார்கள். ஒருவன் கணக்கில் புலி. மற்றவன் கணக்கு என்றாலே வயிற்று வலி என்று சொல்லிக் கையைத் தூக்குவான். ஆனால் படம் போடுவதில் அவனுக்கு நிகர் கிடையாது. பள்ளி திறந்த வாரத்தில் கணக்குப் புலிக்குக் காய்ச்சல் கண்டது. டிங்கி. ஐந்தாம் நாள் அவன் இல்லை. அந்த நாற்காலியை நாங்கள் எடுக்கவும் இல்லை. வேறு யாரையும் அதில் உட்கார வைக்கவும் மனம் வரவில்லை.

மற்றவன் அழவில்லை. அதைப் பார்த்து நான் ஏமாந்தேன். 'பரவாயில்லை, பையன் தைரியமாக இருக்கிறான்' என்று நினைத்துக் கொண்டேன். பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். சான்றிதழ் சுவரில் தொங்கியது; பாடம் எங்கோ போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், நான் பின்னம் நடத்திக் கொண்டிருந்த வேளையில், அவன் மேசைக்கு அடியில் ஏதோ எழுதிக் கொண்டிருந்தான். போய்ப் பிடுங்கினேன். கணக்கு நோட்டில் முழுக்கப் படக்கதை! அண்ணனுடைய கைப்பேசியில் வரும் படக்கதைகளைப் பார்த்துப் பார்த்து, கட்டம் போட்டு, பேச்சுக்குக் குமிழி போட்டு, அழகாக வரைந்திருந்தான். முதல் பக்கத்திலேயே செத்துப்போன கூட்டாளி பேயாகத் திரும்பி வந்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாலையில் தாயாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். நோட்டை முழுதாகப் படிக்காமலே சொன்னேன்.

சேதி லயம் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இருட்டுவதற்குள் 'பையனைப் பேய் பிடித்துவிட்டது' என்று ஆகிவிட்டது. பாட்டி கோவிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாத்தியாரே, அந்த நோட்டைக் குடுங்க. கொளுத்திப்புடணும். செத்தவன் பேரை எழுதி வெச்சா அவன் போகமாட்டான். என் பேரனையும் கூட்டிக்கிட்டுப் போயிருவான்."

அந்தப் பாட்டியின் கண்ணில் இருந்தது மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். அது பயம். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த லயத்தில் இன்னொரு பிள்ளையும் போய்விடுமோ என்ற பயம். "நாளைக்குத் தருகிறேன் பாட்டி" என்று சொல்லி அனுப்பினேன். அன்றிரவு நோட்டை வீட்டுக்குக் கொண்டு போய் முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

31 பக்கம். அந்தப் பேய்க்குக் கால் இருந்தது. பேய்க்குக் கால் கிடையாது என்றுதானே நாம் சொல்லுவோம்? இந்தப் பேய்க்குக் காலும் இருந்தது, காலில் புதுப் பள்ளிக்கூடக் காலணியும் இருந்தது. அது யாரையும் பயமுறுத்தவில்லை. வகுப்பில் பின்னால் நின்று கொண்டு, "டேய், மேல பாக்காதே, கீழ இருக்கிற எண்ணைப் பாரு" என்று பின்னக் கணக்குக்கு வழி சொல்லியது. ஓரிடத்திலும் விடையைச் சொல்லவில்லை. கூட்டாளி கெஞ்சுகிறான்: "விடையைச் சொல்லுடா." பேய் சொல்கிறது: "சொன்னா சார் கண்டுபிடிச்சிருவாரு, நீயே போடு."

இருபத்தாறாம் பக்கம் வந்தபோது என் கை நடுங்கியது. அதில் பையன் கேட்கிறான்: "நானும் உங்கூட வந்துரட்டுமா?"

பெற்றோர்களே, நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து அந்த வரியைப் படித்தவனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஒரே ஒரு பெரிய கட்டம். பேய் இடுப்பில் கை வைத்துக் கொண்டு நிற்கிறது. "லூசாடா நீ? மொதல்ல ஆறாம் ஆண்ட முடி. எங்கம்மாவ யாரு பாத்துக்குவா?"

அந்தப் பக்கத்தைத்தான் நாம் கொளுத்த இருந்தோம்.

மறுநாள் பையனை உட்கார வைத்துப் பேசினேன். பள்ளி ஆலோசக ஆசிரியரும் கூட இருந்தார். அன்றுதான் அவன் அழுதான். இரண்டு மாதத்துக் கண்ணீர். "காலணி ஏன்டா போட்டாய்?" என்று கேட்டேன். "புதுசு சார். மூணு நாள்தான் போட்டான்" என்றான்.

பாட்டியிடம் நோட்டைக் கொடுக்கவில்லை. படித்துக் காட்டினேன். இருபத்தேழாம் பக்கம் வந்ததும் பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டார். கொளுத்தச் சொல்லி அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனாலும், "இது சரியா வாத்தியாரே? செத்தவங்களை இப்படிக் கூப்பிட்டு வெச்சுக்கலாமா?" என்ற கேள்வியை விடவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை.

பதில் சைனாடவுனில் கிடைத்தது.

ஆகஸ்டு மாதத்தில் நம் பள்ளிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரையும் ஐந்து பெற்றோர்களையும் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். நம் தோட்டத்தில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் தினமும் ஜொகூர் பாலம் தாண்டி வேலைக்குப் போய் வருகிறார். பிள்ளைகளோ சிங்கப்பூரைப் பார்த்ததில்லை. அந்தப் பையனும் வந்தான், பாட்டியும் துணைக்கு வந்தார். லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டுச் சைனாடவுனுக்குப் போனோம்.

சீனர்கள் தெருவில் நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவில் அந்தச் சைனாடவுனில்தான் இருக்கிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோவில். 1819இல் ராபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாகத் தொடங்கியது. கோபுரத்தை வைத்தே பக்கத்துச் சந்துக்குப் பகோடா தெரு என்று பேர் வந்தது. இந்தப் பக்கம் டெம்பிள் தெரு. அந்தப் பக்கம், சூலியா முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய ஜாமே பள்ளிவாசலை ஒட்டி மாஸ்க் தெரு. மலாய்க்காரர் அந்த வட்டாரத்தைக் கிரேத்தா ஆயர் என்கிறார்கள். தண்ணீர் வண்டி என்று பொருள். மாட்டு வண்டியில் தண்ணீர் ஏற்றி ஊருக்குக் கொண்டு போன இடம். கப்பலில் வந்து இறங்கி, போக்கிடம் இல்லாமல் நின்ற நம்மவர்களுக்கு அந்தக் கோவில்தான் தங்க இடம் கொடுத்தது. 'இடம் கொடுத்தது' என்ற இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கோவிலுக்குள் அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சுற்றி வந்தோம். மதுரை வீரனைப் பார்த்ததும் பாட்டி, "அட, நம்ம சாமி!" என்றார். மதுரை வீரன் யார்? மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தவன். இறந்த பிறகு காவல் தெய்வமாக நிற்பவன். அடுத்து அரவான். பாண்டவர் வெற்றிக்காகத் தன்னையே பலி கொடுத்தவன். வெட்டுண்ட தலையோடு பதினெட்டு நாள் போரையும் கண் கொட்டாமல் பார்த்தவன். திரௌபதையம்மனும் அங்கே இருக்கிறாள். ஆண்டுதோறும் ஐப்பசியில், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோ மீட்டர் நடந்து வந்து, அந்த வாசலில்தான் தீ மிதிக்கிறார்கள்.

நான் பாட்டியிடம் மெதுவாகச் சொன்னேன்: "பாட்டி, செத்தவங்களைக் கூப்பிட்டு வெச்சுக்கலாமான்னு கேட்டீங்களே. இவங்க ரெண்டு பேரும் யாரு?"

பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். பதில் சொல்லவில்லை.

வெளியே வந்து நடந்தோம். அது சீனர்களுடைய ஏழாம் மாதம். அந்த மாதத்தில் கீழுலகக் கதவு திறந்து, இறந்தவர்கள் பூமிக்கு வந்து போகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நாம் ஆடி அமாவாசைக்கும் புரட்டாசி மாளயத்துக்கும் முன்னோரை நினைப்பதில்லையா, அதைப் போல. சாலையோரங்களில் ஊதுவத்தி, ஆரஞ்சுப் பழம், சோறு வைத்துக் கும்பிடுகிறார்கள். காகிதப் பணத்தை எரிக்கிறார்கள். இரவில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முதல் வரிசை நாற்காலிகளில் யாரும் உட்கார மாட்டார்கள். அது கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு. இதைச் சொன்னதும் பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நம் வகுப்பில் காலியாக வைத்திருந்த நாற்காலி அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எனக்கும் வந்தது.

பக்கத்திலே சேகோ லேன். சேகோ என்றால் ஜவ்வரிசி. ஒரு காலத்தில் அங்கே ஜவ்வரிசி ஆலைகள் இருந்தன. பிறகு அது சாவு வீடுகளின் தெரு ஆயிற்று. சீனாவிலிருந்து தனியாக வந்து, கூலி வேலை செய்து, கல்யாணம் காட்சி இல்லாமல், கடைசிக் காலத்தில் கவனிக்க ஆளின்றிப் போனவர்கள் அங்கே வந்து படுத்துக் கொள்வார்கள். மேல் மாடியில் உயிர் பிரியும். கீழ்த் தளத்தில் ஈமச் சடங்கு நடக்கும். 1961இல் அரசாங்கம் சாவு வீடுகளைத் தடை செய்தது. சிவப்புத் தலைத்துணி கட்டிக் கட்டட வேலை செய்த சம்சுய் பெண்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களில் பலருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கூட வேலை செய்தவள்தான் அக்காள், தங்கை, எல்லாம். ஏழாம் மாதத்துப் படையல் சொந்த முன்னோருக்கு மட்டுமன்று. பேர் சொல்லப் பிள்ளை இல்லாமல் போனவர்களுக்கும் சேர்த்துத்தான்.

தோட்டத்துப் பெருமக்களே, சேகோ லேன் சீனர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. 1942, 43ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் போடப் பிடித்துக் கொண்டு போனார்களே, அதில் திரும்பி வராத பல்லாயிரம் பேருக்குக் கல்லறை எங்கே? யார் வீட்டுப் படையலில் அவர்களுக்குச் சோறு? அங்கே அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு அந்த எண்ணம்தான் வந்தது.

அந்தத் தெருக்களில் ஈமச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. இறந்தவர்களுக்கு அனுப்புவதற்காகக் காகிதத்தில் சட்டை, காகிதத்தில் வீடு, காகிதத்தில் கைப்பேசிகூட இருந்தது. பையன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். என்னவென்று போய்ப் பார்த்தேன். காகிதக் காலணி.

கடைக்காரச் சீனப் பாட்டி மலாயில், "யாருக்கு?" என்று கேட்டார். பையன், "கூட்டாளிக்கு" என்றான். "எத்தனை வயது?" "பன்னிரண்டு." அந்தப் பாட்டி முகத்திலிருந்த சிரிப்பை மாற்றிக் கொண்டு, நம் பாட்டியைப் பார்த்துத் தலையை அசைத்தார். நம் பாட்டியும் தலையை அசைத்தார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. நான் காலணியை வாங்கவில்லை. அவரவர் முறை அவரவருக்கு. ஆனால் பையன் என்னிடம் ஒன்று கேட்டான்: "சார், இவங்கள்லாம் பேய்க்குப் பயப்படல. ஏன் சார்?"

"இடம் கொடுத்திருக்கிறார்கள், அதனால் பயம் இல்லை" என்றேன். அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது எவ்வளவு உண்மை என்பது அடுத்த தெருவில் புரிந்தது.

தெலுக் ஆயர் தெரு. இன்று கடல் எங்கோ இருக்கிறது. அந்தக் காலத்தில் அலை வந்து மோதிய கரை அது. ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில் இரண்டு இடங்கள். ஒன்று 1842இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் சீனக் கோவில். அங்கே இருக்கும் தாய்த் தெய்வம் மாசூ. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனக் கடலோர ஊரொன்றில் பிறந்த ஒரு சாதாரணப் பெண் என்றும், இளவயதிலேயே இறந்தபின் புயலில் சிக்கிய மீனவர்களையும் மாலுமிகளையும் காக்க வந்தாள் என்றும் சொல்கிறார்கள். சீனத்திலிருந்து உயிரோடு வந்து இறங்கியவர்கள் முதலில் போய் நன்றி சொன்னது அவளுக்குத்தான்.

மற்றொன்று நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. நாகூர் ஆண்டவர் அடக்கமாகியிருப்பது நாகூரில்; இது அவர் நினைவாகக் கட்டிய இடம். கடலில் கப்பல் ஓட்டை விழுந்து தவித்த வேளையில், கரையில் முடி திருத்திக் கொண்டிருந்த அவர் கையிலிருந்த கண்ணாடியை வீசினார், அது போய் ஓட்டையை அடைத்தது என்பது நம் பாட்டிமார் சொல்லும் கதை. அவர் மறைந்து நானூறு ஆண்டுக்கு மேலாகியும் கடலோடிகள் அவர் பேரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

நன்றாகக் கவனியுங்கள் பிள்ளைகளே. அவர் கண்ணாடி ஓட்டையைத்தான் அடைத்தது. கப்பலைக் கரை சேர்த்தது மாலுமிகளின் கைகள். அரவான் போரைப் பார்த்தான், போரிட்டவர்கள் பாண்டவர்கள். உங்கள் அம்மா, அப்பா காலத்தில் அம்புலிமாமாவில் படித்த விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக் கொள்ளுங்கள். தோளில் தொங்கிய வேதாளம் கடைசியில் என்ன செய்தது? சன்னியாசியின் வஞ்சகத்தை எடுத்துச் சொல்லித் தப்பும் வழியைக் காட்டியது. வாளை எடுத்தது அரசனுடைய கை. உதவி செய்யும் ஆவிகளெல்லாம் இப்படித்தான். வழியைக் காட்டும், விடையைச் சொல்லாது. இது நம் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும்போது பாலத்தில் மூன்று மணி நேரம் நெரிசல். பஸ்ஸில் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்லி முடித்துக் கொள்கிறேன். இது புறநானூற்றில் உள்ளது. உ.வே.சாமிநாதையர் ஓலைச் சுவடிகளைத் தேடி, 1894இல் அச்சில் கொண்டுவந்த நூல்.

உறையூரில் கோப்பெருஞ்சோழன் என்று ஓர் அரசன். பெற்ற பிள்ளைகளே போருக்கு எழுந்து நின்ற வேதனையில், அரசைத் துறந்து, வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர் விடத் துணிந்தான். வடக்கிருத்தல் என்று பேர். பாண்டி நாட்டுப் பிசிராந்தையார், அவனை ஒரு நாளும் நேரில் பார்க்காத நண்பர், வந்து சேர்ந்ததை எல்லாரும் அறிவீர்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு நண்பர் உண்டு. பொத்தியார். கூடவே இருந்த புலவர். அவரும், "நானும் உன்னோடு இருக்கிறேன்" என்றார். அவர் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அரசன் என்ன சொன்னான் தெரியுமா? "இப்போது போ. உனக்குப் பிள்ளை பிறந்த பிறகு வா."

பொத்தியார் அழுதுகொண்டே உறையூருக்குத் திரும்பினார். அரசன் இறந்தான். அவனுக்கு நடுகல் நட்டார்கள். வீரன் இறந்தால் கல்லைப் பார்த்துத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, பேர் பொறித்து, படையல் இட்டு வாழ்த்துவது தமிழர் முறை. தொல்காப்பியமே அதை வரிசைப்படுத்திச் சொல்கிறது. பிள்ளை பிறந்தது. பொத்தியார் அந்தக் கல்லிடம் திரும்பி வந்து, "எனக்கு எங்கே இடம்?" என்று கேட்டார். கல்லாக நின்ற நண்பன் இடம் கொடுத்தான் என்று பாட்டு இருக்கிறது.

பஸ்ஸில் நம் பையன் கேட்டான்: "சார், அப்ப பொத்தியாரும் செத்துட்டாரா?"

நான் தயங்கினேன். ஆமாம், வடக்கிருந்தார் என்று உண்மையைச் சொன்னேன். பிறகு சொன்னேன்: "அது அந்தக் காலத்து வழக்கம். நமக்கு அது வழக்கமும் இல்லை, வழியும் இல்லை. அந்தக் கதையில் பெரிய உதவி எது? செத்தபின் கல் இடம் கொடுத்ததா? இல்லை தம்பி. உயிரோடு இருந்தபோது அந்த நண்பன், 'நீ போ, உன்னை எதிர்பார்த்துப் பிள்ளை இருக்கிறது' என்று திருப்பி அனுப்பினானே, அதுதான். அந்தச் சொல்லால்தான் ஒரு பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்தது. நீ வரைந்தாயே, 'முதலில் ஆறாம் ஆண்டை முடி' என்று, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய சோழன் சொன்னதும் அதுதான்."

பாட்டி முன் இருக்கையிலிருந்து திரும்பிச் சொன்னார்: "நல்ல கூட்டாளி கூட வான்னு கூப்பிட மாட்டான். போய்ப் பொழைன்னுதான் சொல்லுவான்." நான் படித்த உளவியல் புத்தகங்களில் இப்படி ஒரு வரி கிடையாது.

பெற்றோர்களே, இந்தக் கதையிலிருந்து உங்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, பிள்ளையின் கூட்டாளி இறந்தால், 'சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்' என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் பேரை வீட்டில் சொல்லுங்கள். பேர் சொல்லாத வீட்டில்தான் இறந்தவன் பயமுறுத்தும் பேயாகிறான்.

இரண்டு, பிள்ளை வரைந்ததை, எழுதியதைப் படிக்காமல் கிழிக்காதீர்கள், கொளுத்தாதீர்கள். பூட்டி வைத்த என்னைப் போலவும் செய்யாதீர்கள். உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

மூன்று, பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் இருந்தால், 'நானும் போகிறேன்' என்ற சொல் வாயிலோ நோட்டிலோ வந்தால், அது விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். கயிறு கட்ட வேண்டுமானால் கட்டுங்கள். உங்கள் நம்பிக்கை உங்களுக்கு. ஆனால் அதே நாளில் ஆசிரியரிடம் சொல்லுங்கள், அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். எல்லா நோட்டிலும் இருபத்தேழாம் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரே ஒரு சொல். இறந்த கூட்டாளி உங்களுக்கு உதவ வேண்டுமானால் நீங்கள் அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். எங்கே? இருட்டிலும் சுடுகாட்டிலும் அன்று. அவன் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எதுவோ அதில். அவன் கணக்குச் சொல்லிக் கொடுத்தானா, ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவன் அம்மா கடைக்குப் போய் வரச் சிரமப்படுகிறாரா, பையைத் தூக்கிக் கொண்டு கூட நடங்கள்.

நம் பையன் அதைத்தான் செய்கிறான். அந்த நோட்டை அவன் தன் கூட்டாளியின் தாயாரிடம் கொண்டு போய்க் கொடுத்தான். அந்த அம்மா அதை மூன்று நாள் திறக்கவில்லை. நான்காம் நாள் திறந்து, பேய் இடுப்பில் கை வைத்து நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் நிப்பான்" என்று சொல்லிச் சிரித்தாராம். மகன் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது என்று அவர் கணவர் என்னிடம் சொன்னார். நோட்டின் கடைசிப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. எப்போது வரைவாய் என்று நான் கேட்கவில்லை.

இன்று வழங்கவிருக்கும் பரிசுகளின் பட்டியலைப் பாருங்கள். இன்னாரின் நினைவாக, இன்னாரின் நினைவாக என்று எத்தனை பேர்கள்! தமிழ்ப் பாடத்துக்கு, நன்னடத்தைக்கு, விளையாட்டுக்கு. நாம் அவசரமாக வாசித்துவிட்டுப் போகிறோம். அவர்களெல்லாம் ஆண்டுக்கொரு முறை இந்தக் கொட்டகைக்கு வந்து, நம் பிள்ளைகளின் கையில் புத்தகம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். அந்தப் பட்டியலில் இந்த ஆண்டு ஒரு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஆறாம் ஆண்டுக் கணக்குக்கான பரிசு. பன்னிரண்டு வயதில் போன ஒரு பிள்ளையின் நினைவாக, அவன் தகப்பனார் தம் சம்பளத்தில் மாதம் பத்து வெள்ளி சேர்த்து வைத்துக் கொடுக்கிறார்.

அந்தப் பரிசு நம் பையனுக்குக் கிடைக்கவில்லை. அதிக மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவிக்குப் போகிறது. நம் பையன் வாங்கியது 58. ஆண்டின் தொடக்கத்தில் அவன் 20ஐத் தாண்டியதில்லை. பின்னக் கணக்கு ஆறும் சரி.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, "யாரடா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். சிரித்தானே தவிரப் பதில் சொல்லவில்லை. காலி நாற்காலியை மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.